கத்தரி பிடித்த கை தூரிகை பிடிக்க: பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வழி

திருப்பூரில் என் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆறேழு பேர் படம் வரைய வருகிறார்கள். எல்லோரும் கம்பெனி வேலைக்காரர்கள். ஓவர்லாக் டெய்லர், செக்கிங்கில் இருக்கும் பெண்கள், ஒரு கட்டிங் மாஸ்டர். முதல் நாள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "ஒரு கோடு போட்டாக்கூட நேரா வராதுங்க்கா எனக்கு."

கோட்டை விடுங்கள். பதினைந்து வருடம் துணியோடு புழங்கியவருக்கு ஓவியத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அந்தத் தெரிந்த பாதியில் இருந்து எப்படித் தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆப்பிள், குடம், மலைக்கு நடுவே சூரியன் என்று தொடங்கும் வகுப்புகளுக்கு நானும் போனேன். இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டேன்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-ல் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1974-ல், எனக்கு ஒன்பது வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான். பதினெட்டு வயதில் திருப்பூர் வந்து கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். டெய்லர், சேம்பிள் டெய்லர், பேட்டர்ன், கடைசியில் டிசைனர் என்று முப்பத்தி நான்கு வருடம். சிலோன்காரப் பிள்ளை என்று முதலில் ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. "அம்மிணி, இங்க வந்து இதப் பாரு" என்று கூப்பிட்டுத் துணி வெட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டரும் உண்டு.

கம்பெனியில் இருந்த நாளெல்லாம், துணி மேல் விரித்து வெட்டுகிற அளவு வரைந்த மார்க்கர் பேப்பரின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருந்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் போட்ட துணி வராமல் வேலை குறைந்துபோனது. வாரத்தில் மூன்று நாள் கை சும்மா இருந்தது. அப்போதுதான் பெயிண்ட் வாங்கினேன். வயது நாற்பத்தாறு.

முதலில் கண்

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. கட்டிங் வேஸ்ட்டில் இருந்து வெள்ளைத் துண்டுகளாகப் பன்னிரண்டு பொறுக்குங்கள். ஜன்னல் ஓரத்தில் வரிசையாகப் போட்டு, நீல வெள்ளை ஒரு முனை, மஞ்சள் வெள்ளை மறு முனை என்று அடுக்குங்கள். அப்புறம் அப்படியே டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள். வரிசை மாறியிருக்கும். ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறோமே, அதேதான். இரண்டு துணி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும் என்பதை நாம் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள். அதனால் படம் வரைய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அந்த வெளிச்சத்திலேயே கடைசி வரை வரையுங்கள். பகலில் ஜன்னல் ஓரம், ராத்திரி டியூப் லைட் என்று மாற்றி வரைந்தால் நிறம் கூடிவராது.

அடுத்தது கலப்பது. ஆறு அக்ரிலிக் டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. கருப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல கருப்பு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த கருப்பு, பழுப்பு கூடினால் சூடான கருப்பு. டியூபில் வரும் கருப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செத்துக் கிடக்கும்.

இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு துணித் துண்டை எடுத்துக்கொண்டு, அதற்கு மேட்சாகப் பெயிண்ட் கலக்குங்கள். சாயப்பட்டறையில் இருந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு வந்தால் என்ன எழுதி அனுப்புவோம்? வெளுப்பா கருப்பா, சிவப்புப் பக்கமா நீலப் பக்கமா, டல்லா பிரைட்டா. அந்த மூன்று கேள்வியை அதே வரிசையில் கேளுங்கள். வெளுப்பு கருப்பை முதலில் சரி செய்யாமல் நிறத்தைத் துரத்தினால் ராத்திரி முழுவதும் கலக்கிக்கொண்டே இருக்கலாம். பிரைட் கூடிவிட்டதா, எதிர் நிறத்தில் ஒரு துளி விடுங்கள்: பச்சைக்குச் சிவப்பு, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. சரியாக வந்ததாகத் தோன்றினால் அந்தத் துணி மேலேயே ஒரு பொட்டு வையுங்கள். காய்ந்த பிறகு பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு பிடி கருக்கும். அதனால் ஈரத்தில் ஒரு பிடி வெளுப்பாகவே நிறுத்துங்கள். வாரத்துக்கு இருபது துண்டு என்று மூன்று மாதம் செய்யுங்கள். வேறு எதுவும் வரைய வேண்டாம். என்னிடம் வரும் செக்கிங் பெண்கள் இதை ஒரு மாதத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் ஓவியம் படித்த ஒரு பையனுக்கு அதைவிட அதிக நாள் ஆனது.

ஒரு சம்பவம். கருஞ்சிவப்புக் கோடும் சாம்பல் கோடும் மாறி மாறி வருகிற ஒரு டீ ஷர்ட். சாம்பலில் பச்சை அடிக்கிறது என்று பையர் திருப்பி அனுப்பிவிட்டார். சாயப்பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், லேபில் சோதித்தால் நிறம் சரியாகவே இருந்தது. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளருக்கும் இதே பஞ்சாயத்துதான் வந்தது. அங்கே கருப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கருப்பை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதன் மேல் தன்னுடைய எதிர் நிறத்தை ஏற்றிவிடும் என்று 1839-ல் விரிவாக எழுதினார். பின்னால் வந்த ஓவியர்கள் அதைப் படித்துத்தான் பல வேலைகள் செய்தார்கள். ஆக, ஒரு சாயப்பட்டறைப் புகாரில் இருந்து வந்த பாடம் இது. உங்கள் படத்தில் ஒரு நிறம் தப்பாகத் தெரிந்தால் முதலில் அதன் பக்கத்து நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

பெயிண்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சாயம் தண்ணீரில் கரைந்து நூலுக்குள் போய்ப் பிடிக்கும். பிக்மெண்ட் என்கிற நிறப்பொடி கரையாது, பைண்டர் என்கிற பசை சேர்த்து மேலே ஒட்டவைக்க வேண்டும். நம் ஊர் பிக்மெண்ட் பிரிண்டுக்கும் அக்ரிலிக் டியூபுக்கும் அடிப்படை ஒன்றுதான். பைண்டர் குறைந்தால் பிரிண்ட் உதிரும் இல்லையா, அதே மாதிரி அக்ரிலிக்கில் தண்ணீரை அள்ளி ஊற்றினால் படமும் உதிரும்.

கேன்வாஸ் நீங்களே செய்யலாம்

கடையில் விற்கும் கேன்வாஸ் விலைக்குப் பயந்துதான் பலர் தொடங்குவதே இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற, வெளுக்காத காடாத் துணி இருக்கும்போது நமக்கு என்ன பயம்? கொஞ்சம் கனமான, நெருக்கமாக நெய்த காடாவாகக் கேளுங்கள். பனியன் துணி கூடவே கூடாது. அது பின்னிய துணி, இழுத்த பக்கமெல்லாம் வரும், மேலே இருக்கும் பெயிண்ட் வெடிக்கும். நெய்த துணிதான் வேண்டும்.

காடாவில் பாவுக்கு, அதாவது நெடுக்கே ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதை எடுக்காமல் ஆணி அடித்தால் பின்னால் பூச்சியும் வரும், பூசணமும் வரும். ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் சோப்புத் தூள் போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். கஞ்சி போனதா என்று பார்க்க ஒரு ஓரத்தில் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு வையுங்கள். நீலமாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது. துணி இப்போதே சுருங்கிவிடுவதால் பின்னால் தொல்லை இல்லை.

சட்டத்துக்கு நான் மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளின் பைன் பலகையை வாங்கி ஆசாரியிடம் கொடுப்பேன். உள் விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பலகையின் விளிம்பு படத்தில் கோடாகப் பதியும். ஒரு நூலை உருவி எடுத்து, அந்தத் தடத்தில் வெட்டி, பாவு சட்டத்துக்கு நேராக நிற்கும்படி வையுங்கள். கிராஸில், அதாவது மூலைவாட்டத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஆணி, உடனே அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று, அப்படியே மூலையை நோக்கிப் போங்கள். தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும்.

பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு: பழகுவதற்கு என்றால் வெள்ளைப் பசை ஒரு டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர், சலித்த சாக் பவுடர் இரண்டு டம்ளர், வெள்ளை அக்ரிலிக் கால் டம்ளர். நீர் மோரை விடக் கொஞ்சம் கெட்டி. முதல் கோட்டிங்கை இன்னும் தண்ணீர் விட்டு மெலிதாக அடியுங்கள், அப்போதுதான் நூலுக்குள் இறங்கும். இரண்டாவது பாவு வாட்டத்தில், மூன்றாவது குறுக்கே ஓடும் ஊடை வாட்டத்தில். நடுநடுவே காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு விலைக்குக் கொடுக்கப்போகிற படம் என்றால் கடையில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ வாங்கி அடியுங்கள். பசை வருடங்கள் போனால் மஞ்சளடிக்கும், அதை இன்னொருவர் சுவரில் மாட்ட எனக்கு மனசு வராது.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தட்டில் வைத்த அக்ரிலிக் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ஒரு டிபன் டப்பாவில் ஈரமான பனியன் வேஸ்ட்டை மடித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் பெயிண்ட் வையுங்கள். மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். தூரிகை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைப் பழைய துணியில் வழித்துக் குப்பையில் போடுங்கள். நொய்யல் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியதைப் பார்த்த ஊர் இது.

வரைய வேண்டாம், வெட்டுங்கள்

கோடு வராது என்கிறவர்களுக்கு நான் கொடுப்பது பென்சில் அல்ல, கத்தரி. எதிரே ஒருவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் உருவத்தைப் பென்சிலால் தொடாமல் பிரவுன் பேப்பரில் நேராக வெட்டச் சொல்வேன். கம்பெனியில் துணியை வளைத்து வெட்டிய கைக்கு இது வரும். முதல் மூன்று பேப்பர் வீணாகும், நான்காவதில் தோள் வந்துவிடும். பிரான்ஸில் நெசவு ஊரான போயேனில் வளர்ந்த மத்தீஸ் என்ற பெரிய ஓவியர், 1941-ல் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நின்று வரைய முடியாமல் போன பிறகு, நிறம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டித்தான் கடைசி வருடங்களின் படங்களைச் செய்தார்.

வெட்டிய உருவத்தை இன்னொரு தாளில் வைத்து, அதைச் சுற்றி இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். மார்க்கர் போடும்போது ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவே விழுகிற இடைவெளியைத்தானே துணி மிச்சம் பிடிக்க உற்று உற்றுப் பார்ப்போம்? கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் முக்கோணம், கழுத்துக்கும் தோளுக்கும் மேலே இருக்கும் வளைவு, இவற்றைச் சரியாகப் போட்டால் ஆள் தானாக வந்து நிற்பார். ஓவிய வகுப்பில் இதை ஒரு வருடம் சொல்லிக்கொடுப்பார்கள்.

துணி மடிப்பு வரைவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்று நிஜமாகவே நம்புகிறேன். மற்றவர்கள் மடிப்பைப் பார்த்து மடிப்பை வரைகிறார்கள். நீங்கள் இழுப்பு எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு புள்ளியில் தொங்கும் துணியில் மடிப்பு அந்தப் புள்ளியில் இருந்து விரியும். இரண்டு புள்ளிக்கு நடுவே தொய்யும் துணியில் ஊஞ்சல் மாதிரி விழும். முழங்கையில் மடங்கும் கையில் உள்பக்கம் நெரிந்து ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். பிடி எங்கே என்று தெரிந்துவிட்டால் மூன்று கோட்டில் முடிந்துவிடும்.

கம்பெனியில் படித்ததில் மறக்க வேண்டியது

ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் பீஸும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற பழக்கம், அப்ரூவல் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்ற பழக்கம். இரண்டும் ஒரே பழக்கம்தான். முதல் இரண்டு வருடம் நான் வரைந்ததெல்லாம் பிரிண்டுக்குப் போகிற டிசைன் மாதிரியே இருந்தது. பூ, கொடி, நான்கு பக்கமும் சமம். ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். "பெட்ஷீட் டிசைனா?" என்று கேட்டார் நடத்தியவர். அன்று ராத்திரி தூங்கவில்லை. கோபம் தணிந்த பிறகு, அவர் கண்ணில் பட்டது உண்மைதான் என்று புரிந்தது. அந்தப் படங்களில் நான் எங்கேயும் இல்லை.

சோனியா டெலோனே என்று ஒருவர். 1885-ல் உக்ரைனில் பிறந்து, பாரிஸில் குடியேறியவர். 1911-ல் பிறந்த மகனுக்காக, ஊர்ப்பக்கத்துக் குடியானவர் வழக்கப்படி துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். அந்தப் போர்வையில் நிறங்கள் நின்ற விதத்தில் இருந்துதான் அவர் ஓவியம் வேறு வழியில் திரும்பியது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஊரில் இருந்து வந்த வருமானம் நின்றுபோக, உடையும் துணி டிசைனும் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஓவியத்தை விடவில்லை. 1964-ல் லூவர் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. உயிரோடு இருக்கும்போதே அந்த இடம் கிடைத்த முதல் பெண் அவர். படித்த அன்று என் பழைய துணித் துண்டுப் பையை அலமாரியில் இருந்து இறக்கினேன்.

எதை வரைவது என்று கேட்டால், உங்கள் கை தொட்டுத் தொட்டுப் பழகிய ஒரு பொருளில் இருந்து தொடங்குங்கள் என்பேன். காங்கேயம் பக்கத்து மாணவி ஒருத்தி கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தையும் அதன் கிளுவை வேலியையும்தான் திரும்பத் திரும்ப வரைகிறாள். கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் நிறத்துக்கு ஓக்கரும் வெள்ளையும் ஒரு துளி ஊதாவும். அவள் கலந்தால் அந்த மண்ணே தெரிகிறது. நான் அம்மாவின் படங்கை வரைந்தேன். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல், நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு அது.

சாக்கு வரைகிற விதம் சொல்கிறேன், காடா, ஜமக்காளம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒவ்வொரு இழையாக வரையாதீர்கள். முதலில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த கரும்பழுப்பை மொத்தமாக அடித்துக் காயவிடுங்கள். அதன் மேல் ஓக்கரும் வெள்ளையும் கலந்ததைத் தட்டைத் தூரிகையில் எடுத்து, துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையால் மேலோட்டமாக இழுங்கள். ஒரு தடவை நெடுக்கே, ஒரு தடவை குறுக்கே. கேன்வாஸின் நெசவே சாக்கின் நெசவாக எழுந்து வரும். அதற்காகவே இந்தப் படத்துக்குப் பிரைமரை இரண்டு கோட்டிங்கோடு நிறுத்தி, தேய்க்காமல் விட்டேன்.

பார்த்துப் பழக கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குப் போங்கள். சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் பெயரில் இருக்கும் இடம், கூடவே ஜவுளி அருங்காட்சியகமும் உண்டு. சென்னை போனால் சோழமண்டலம். 1911-ல் கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. அங்கே இருந்தவர்கள் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் படம் வரைந்தார்கள். படத்தின் முன்னால் நின்று, இது எத்தனை கலரில் முடிந்திருக்கிறது என்று பிரிண்டுக்கு எண்ணுகிற மாதிரி எண்ணிப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள், பெரும்பாலும் ஐந்தாறுதான்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து எப்போது வரைவது என்றால், தினமும் முப்பது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். தட்டு மூடியிருக்க, கேன்வாஸ் சுவரில் மாட்டியே இருக்கட்டும். எடுத்துவைக்கவும் பரப்பவும் நேரம் போனால் ஒரே வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

படத்தை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஆணியைக் கழற்றி, துணி ரோலுக்கு உள்ளே வரும் தடித்த பேப்பர் பைப்பில் சுற்றுங்கள். பெயிண்ட் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுற்றினால் பெயிண்ட் நெரிந்து வெடிக்கும். மேலே ஒரு பட்டர் பேப்பர், அதற்கு மேல் பழைய சேலை.

படங்குப் படத்தை 2018-ல் அப்படித்தான் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி கோத்தகிரிக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு. கட்டிலில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சாக்கின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா காஞ்ச சாக்கால்ல இருக்கு? காலையில மலைக்குப் போனா எட்டு மணிக்கெல்லாம் பனியில முட்டி வரைக்கும் நனைஞ்சிரும். சாயந்திரம் அவுக்கிற வரைக்கும் அது ஈரந்தான்."

திருப்பூர் வந்து மறுபடி சட்டத்தில் அடித்தேன். நனைந்த துணி எப்போதும் ஒரு பிடி கருப்பாகவும், நிறம் கொஞ்சம் கூடியும் தெரியும். அதனால் பர்ன்ட் சியன்னாவை நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் விட்டுக் கண்ணாடி மாதிரி மெலிதாக்கி, இடுப்பில் இருந்து முழங்கால் வரை மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, ஏற்றினேன். கீழ் ஓரத்தில் தண்ணீர் கனத்துத் தொங்கும் இடத்தில் மட்டும் அல்ட்ராமரின் ஒரு துளி. மேலே காய்ந்த பகுதியை அப்படியே விட்டேன். ஈரமும் காய்ந்ததும் சேரும் அந்த எல்லையை நேராக இழுக்காமல், சாக்கு தண்ணீரை உறிஞ்சி ஏறுகிற மாதிரி மேடும் பள்ளமுமாக விட்டேன். அதற்கு இரண்டு வாரம் ஆனது. அடுத்த முறை அம்மாவிடம் கொண்டுபோனபோது அவர் விரலை வைக்கவில்லை. துடைப்பதற்குத் துணி எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.